வளைவுக்குள் கிலோவாட்டுக்கு வேலையில்லை: டிராக் டே பற்றிப் புதியவர்களுக்கு

டர்பனில் நம் பிள்ளைகள் நாலு பேர் கூடினால் கார் பேச்சு வராமல் இருக்காது. கோல்ஃப் ஜிடிஐ என்ஜினின் பலம் எத்தனை கிலோவாட், பலத்தைக் கூட்டும் ஸ்டேஜ் டூ சாஃப்ட்வேர் போட்டால் எவ்வளவு ஏறும், கியர் மாறும்போது வரும் அந்த ‘வ்ர்ர்-பா’ சத்தம் எந்த எக்ஸாஸ்டில் நன்றாகக் கேட்கும் என்று விடிய விடியப் பேசுவார்கள். அப்புறம் யாராவது ஒருவர், “இந்தக் காரை ஒருநாள் கயலாமி டிராக்குக்குக் கொண்டுபோய்க் காட்டணும்” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

கொண்டுபோகலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. ரேஸ் டிராக்கில் காரின் வேகத்தை முதலில் தீர்மானிப்பது என்ஜின் இல்லை, டயர். டயர் எவ்வளவு பிடிக்கிறது, அந்தப் பிடிமானத்தை ஓட்டுபவர் எப்படிச் செலவழிக்கிறார், அதில் பிறக்கும் சூட்டைக் கார் எப்படித் தாங்குகிறது என்பவைதான் கணக்கு. இந்த மூன்றும் புரிந்துவிட்டால் டிராக் டேயில் சொல்லித்தரும் எல்லாமே தானாகப் புரியும். புரியாமல் போனால் எத்தனை கிலோவாட் இருந்தாலும் மூன்றாவது சுற்றிலேயே பயம் பிடித்துவிடும்.

டிராக் டே ரேஸ் கிடையாது

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. டிராக் டே என்பது ரேஸ் டிராக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள். வீட்டிலிருந்து ஓட்டிவந்த அதே காரில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கட்டணம் கட்டிச் சுற்றலாம். பரிசு இல்லை, முதலிடம் இல்லை. காலையில் ஓட்டுநர்களைக் கூட்டி விதிகளைச் சொல்வார்கள். அனுபவத்தைப் பொறுத்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள். புதியவர்கள் குழுவில் முந்துவது பொதுவாக நேர்ப்பாதையில் மட்டும்தான், அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டி வழிவிட்டால்தான்.

குவாசுலு-நட்டாலில் இருக்கும் நமக்கு இதற்கான இடம் குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கெத் டிராக் 1981-இல் மூடப்பட்டது. இப்போது தெற்கே போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி டிராக் இருக்கிறது. இல்லையென்றால் என்3 நெடுஞ்சாலையில் ஏறி மேட்டுநிலத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே மிட்ராண்டில் கயலாமி, பிரிட்டோரியாவில் ஸ்வார்ட்காப்ஸ், டெல்மஸ் பக்கம் ரெட் ஸ்டார். கயலாமி 1961-இல் தொடங்கிய டிராக். ஃபார்முலா ஒன் கார்கள் பல வருடம் ஓடிய இடம். ஈஸ்ட் லண்டன்காரரான ஜோடி ஷெக்டர் 1975-இல் தென்னாப்பிரிக்க கிராண்ட் ப்ரீயை அங்கே வென்றார். 2016-இல் புதுப்பித்துத் திறந்தபின் ஒரு சுற்று ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர்.

இத்தனை தூரம் போவானேன், ராத்திரியில் காலி ரோடு இல்லையா என்று கேட்கும் தம்பிகளும் இருக்கிறார்கள். ரோட்டில் எதிரே வண்டி வரும். ரோபோட்டில், அதாவது சிக்னலில், யாராவது கடப்பார்கள். கட்டுப்பாட்டை இழந்தால் போய் மோதுவதற்கு மின்கம்பமும் மதிலும் நிற்கின்றன. டிராக்கில் எதிரே யாரும் வருவதில்லை. சறுக்கினால் ஓடி நிற்க மணலும் புல்லும் உண்டு. கொடி காட்டி எச்சரிக்கும் மார்ஷல்களும், பக்கத்தில் ஆம்புலன்ஸும் உண்டு. ஒரு காரின் எல்லையைத் தேட வேண்டுமானால் அதற்கு இடம் டிராக் ஒன்றுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

டிக்கியில் ஒரு பருப்பு வாளி

கல்யாண வீட்டிலிருந்து பிரியாணியும் பருப்பும் வீட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம் நம் எல்லோருக்கும் இருக்கும். பிரியாணி அண்டாவைப் பற்றிக் கவலையில்லை. பருப்பு வாளிதான் பிரச்சினை. வாய்வரை நிரம்பிய வாளி டிக்கியில் இருக்கிறது. என்3-இல் நேராக 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அது அசையாமல் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் பருப்பு முன்விளிம்பில் ஏறுகிறது. இடதுபக்கம் திரும்பினால் வலது விளிம்பில் ஏறுகிறது. பிரேக்கையும் மிதித்து இடதுபக்கமும் திருப்பினால் வலது முன்மூலையில் ஏறி டிக்கி விரிப்பில் கொட்டுகிறது. மெதுவாக ஆரம்பித்து, போகப்போக அழுத்தி, கடைசியில் மெதுவாகக் காலை எடுத்தால் அதே இடத்தில் கார் நிற்கும், பருப்பும் கொட்டாது. அம்மா பின்சீட்டிலிருந்து “பார்த்து, பார்த்து” என்று சொல்லிக்கொண்டே வருவதும் இதற்காகத்தான். வேகத்தைக் குறைக்கச் சொல்வதைவிட, வெடுக்கென்று எதையும் செய்யாதே என்பதுதான் அதற்கு அர்த்தம்.

காரின் எடையும் இதேபோலத்தான் நடந்துகொள்கிறது. டயர்கள் பிடிப்பது தரையில். காரின் எடை மையமோ தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலே இருக்கிறது. பிரேக் போடும்போது டயர் கீழே பின்னுக்கு இழுக்கிறது, மேலே இருக்கும் எடை முன்னுக்குப் போகப் பார்க்கிறது. அதனால் முன்டயர்கள் மேல் அழுத்தம் கூடுகிறது, பின்டயர்கள் மேல் குறைகிறது. இதற்கு எடைப் பெயர்ச்சி என்று பெயர்.

எவ்வளவு பெயரும்? ஜிடிஐ அளவிலுள்ள 1,400 கிலோ கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் முன்னால் இருப்பதால் நிற்கும்போதே சுமார் 840 கிலோ முன்பக்கமும் 560 கிலோ பின்பக்கமும் இருக்கும். நல்ல டயரில், காய்ந்த தரையில், முழு பலத்தோடு பிரேக் போட்டால் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 280 கிலோ, முன்னுக்குப் போய்விடும். முன்பக்கம் 1,120, பின்பக்கம் 280. பின்டயர்கள் தங்கள் சுமையில் பாதியை இழந்துவிட்டன. பிடிப்பதற்கு டயருக்கு மேலிருந்து அழுத்தம் வேண்டும். அழுத்தம் போனால் பிடிமானமும் போகும்.

புதியவர்கள் சுழன்று போவதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. வளைவின் நடுவில் வேகம் அதிகமாகிவிட்டதாகத் தோன்றுகிறது. பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கிறார்கள், அல்லது பிரேக்கைத் தொடுகிறார்கள். எடை முன்னால் பாய்கிறது. பின்பக்கம் லேசாகி வெளியே வீசுகிறது. இப்படிப் பின்டயர்கள் முதலில் சறுக்குவதை ஓவர்ஸ்டியர் என்பார்கள். முன்டயர்கள் முதலில் சறுக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாமல் நேராகவே போனால் அது அண்டர்ஸ்டியர். ரோட்டில் காலை எடுப்பது பாதுகாப்பான பழக்கம். டிராக்கில் எல்லைக்குப் பக்கத்தில் போகும்போது அதே பழக்கம்தான் காரைச் சுழற்றுகிறது. அதனால்தான் பயிற்றுநர்கள் “வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடி, உள்ளே போனபின் காலை நிதானமாக வை” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கயலாமியில் மைன்ஷாஃப்ட் என்று ஓர் இடம் உண்டு. பெயருக்கேற்றபடி செங்குத்தாக இறங்கும் பாதை. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கிறது, அதற்குமேல் பிரேக்கும் சேர்ந்தால் பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். வீடியோவில் பார்க்கும்போது இந்த இறக்கம் தெரியவே தெரியாது. நேரில் போய் நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

டயருக்கு ஒரு வரம்பு உண்டு

டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கைகள் சேர்ந்து முழுக் காரையும் தாங்குகின்றன. ஒவ்வொரு டயருக்கும் இவ்வளவுதான் பிடிக்க முடியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. பிரேக், திருப்பம், முடுக்கம் மூன்றும் அந்த ஒரே வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். இதை உராய்வு வட்டம் என்பார்கள். வட்டத்தின் ஓரம்தான் டயரின் எல்லை. நேராக மேலும் கீழும் போனால் முடுக்கமும் பிரேக்கும், பக்கவாட்டில் போனால் திருப்பம்.

பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பிரேக்குக்கு 80 சதவீதம் கொடுத்தால் திருப்பத்துக்கு 20 சதவீதம்தான் மிச்சம் என்று நினைக்கிறார்கள். வட்டம் என்பதால் கணக்கு அப்படி வராது. பிரேக்குக்கு 80 சதவீதம் போனபிறகும் திருப்பத்துக்கு 60 சதவீதம் கிடைக்கும். ஆனால் பிரேக்குக்கு நூறும் கொடுத்துவிட்டால் திருப்பத்துக்கு எதுவும் மிஞ்சாது. பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் கேட்காமல் நேராகப் போவது இதனால்தான். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், திரும்பிவிடும்.

தேர்ந்த ஓட்டுநர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப அதற்குச் சமமாகப் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்திக்கொண்டே வளைவுக்குள் நுழைவார்கள். டிரெயில் பிரேக்கிங் என்பது அதுதான். முதல் நாளிலேயே யாரும் அதை முயல வேண்டாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பிடிப்பது டயர். டயருக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பு எந்த டயரில் கூடும், எதில் குறையும் என்பதை எடைப் பெயர்ச்சி மாற்றிக்கொண்டே இருக்கிறது. எடையை எங்கே அனுப்புவது என்பது உங்கள் காலிலும் கையிலும் இருக்கிறது.

வளைவின் கணக்கில் என்ஜின் வராது

வளைவின் நடுவில் ஒரு கார் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. டயரின் பிடிமானம் ஒன்று, வளைவின் ஆரம் மற்றொன்று. நல்ல சாலை டயர் புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசையைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அதன் எல்லை ஏறக்குறைய 80 கி.மீ. ஆரம் 100 மீட்டர் என்றால் 113 கி.மீ. இந்தக் கணக்கில் கிலோவாட் எங்கேயும் வரவில்லை. 147 கிலோவாட் போலோவும் 235 கிலோவாட் கோல்ஃப் ஆரும் ஒரே டயரோடு வந்தால் வளைவின் நடுவில் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். வளைவை விட்டு வெளியே வந்தபின் நேர்ப்பாதையில்தான் ஆர் கார் தன் பலத்தைக் காட்டும்.

அப்படியானால் வேகத்தைக் கூட்ட என்ன செய்யலாம்? ஆரத்தைக் கூட்டலாம். டிராக்கின் வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தை ஒரு புள்ளியில் தொட்டு, மறுபடியும் வெளியோரத்துக்கு வந்தால் அதே வளைவில் காருக்குப் பெரிய ஆரம் கிடைக்கிறது. உள்ளோரத்தைத் தொடும் அந்தப் புள்ளிக்கு ஏப்பெக்ஸ் என்று பெயர். புதியவர்கள் அதை அவசரப்பட்டு முன்னாலேயே தொட்டுவிடுகிறார்கள். அப்புறம் வெளியே வரும்போது டிராக் தீர்ந்துபோய் புல்லில் இறங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, தாமதமாகத் தொட்டால் வெளியேறும்போது இடம் மிஞ்சும். ஸ்டீயரிங்கைச் சீக்கிரம் நேராக்கி ஆக்சிலேட்டரையும் சீக்கிரம் மிதிக்கலாம். அந்த லாபம் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் கூடவே வரும்.

சூடு: சாலைக் கார் தோற்கும் இடம்

சாலைக் கார் டிராக்கில் முதலில் கைவிரிப்பது இங்கேதான். எதற்கும் முன்னால் பிரேக்கைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

ஓடும் காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. 120-லிருந்து நிறுத்துவதைவிட 200-லிருந்து நிறுத்தும்போது ஏறக்குறைய 2.8 மடங்கு ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். அது எங்கே போகும்? எல்லாம் சூடாகிறது. 1,400 கிலோ காரை 200-லிருந்து ஒரே ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் சூட்டில், குழாய்த் தண்ணீர் ஆறு லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். டிராக்கில் கார் முழுசாக நிற்பதில்லை, வேகம்தான் குறைகிறது. ஆனால் ஒரு சுற்றுக்குள் பலமுறை அப்படிக் குறைக்க வேண்டியிருக்கிறது. 20 நிமிடச் செஷனில் அது எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரோட்டில் ஒருமுறை அழுத்திப் பிரேக் போட்டால் அப்புறம் ஐந்து நிமிடம் ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடும்.

சூடு மிஞ்சினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் பெடலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதல் விதத்தில் பெடல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. எவ்வளவு மிதித்தாலும் பலன் குறைவு. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது பேட்; அது தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது, டிஸ்க்கைப் பிடிக்க முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவதுதான் ஆபத்து. பெடல் பஞ்சுபோல ஆகித் தரைவரை போய்விடும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலை அழுத்தினால் அது சுருங்காமல் அந்த அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோகும். கொதித்து ஆவியானால் உங்கள் மிதி முழுவதும் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடுக்கு எதுவும் போய்ச் சேராது.

நம் கடலோரக்காரர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டர்பனின் ஈரக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச எல்லை 155 டிகிரிதான். மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு டிராக்குக்குப் போகிறவர், தெரியாமலேயே இந்த இரண்டாவது எண்ணை நோக்கிப் போகிறார். ஸ்டேஜ் டூ சாஃப்ட்வேருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறுபகுதி போதும், நல்ல ஆயிலும் டிராக்குக்கு ஏற்ற பேடும் வாங்கிவிடலாம்.

இது ரேஸ்காரர்களுக்கு மட்டுமான சங்கதி இல்லை. வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது லாரிகளைக் குறைந்த கியரில் போகச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். இறக்கம் முழுவதும் பிரேக்கையே நம்பினால் அது சூடாகிக் கைவிட்டுவிடும்.

டயரும் சூடாகும். உள்ளே இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 0.1 பார். அழுத்தம் ரொம்ப ஏறினால் டயர் நடுவில் புடைத்து, தரையைத் தொடும் இடம் சுருங்கி, பிடிமானம் குறையும். அதனால்தான் அனுபவசாலிகள் செஷன் முடிந்து, கார்களை நிறுத்தும் இடமான பிட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காற்றழுத்தம் அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு குனிகிறார்கள். சூடாக இருக்கும்போதே அளந்து, கூடுதல் காற்றை இறக்கிவிடுவார்கள்.

சுருக்கமாக: பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேட், பெடல் பஞ்சானால் ஆயில். எதுவானாலும் அந்தச் சுற்றிலேயே வேகத்தைக் குறைத்து பிட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கடலோரத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு

கயலாமி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத என்ஜின் டர்பனில் காட்டும் பலத்தில் சுமார் 15 சதவீதத்தை அங்கே இழக்கும். டர்போ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். கயலாமி இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் டர்போ கார்களுக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மெல்லிய காற்று பிரேக்கையும் ரேடியேட்டரையும் கொஞ்சம் குறைவாகவே குளிர்விக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. டர்பனில் 2.2 பார் வைத்துக் கிளம்பினால், ஒரு பிடி காற்றும் சேர்க்காமலேயே, ஜோஹானஸ்பர்க்கில் கேஜ் ஏறக்குறைய 2.35 காட்டும். டயருக்குள் எதுவும் மாறவில்லை, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது. கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். அதனால் டிராக்குக்குப் போய்ச் சேர்ந்தபின், டயர் ஆறியதும் மறுபடியும் பாருங்கள்.

முதல் நாள்

போவதற்கு முன் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸ் டிராக்கில் ஆகும் சேதத்துக்குப் பல பாலிசிகள் பணம் தராது. சக்கர நட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. ஒரு தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் போதும், எல்லாம் முடிந்தது. இஎஸ்சி என்ற சறுக்கல் தடுப்பு அமைப்பை அணைக்காதீர்கள். வீரத்துக்காக அதை அணைக்கும் புதியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் பயிற்றுநர் கிடைத்தால் காசு பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில சுற்றுகளைப் பாதி வேகத்தில் போய், மார்ஷல்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே பிரேக், எங்கே இறக்கம் என்று கண்ணால் பழகுங்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிடு. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தப்பட்டது, நிதானமாக பிட்டுக்கு வா. கோடைகால மத்தியானங்களில் மேட்டுநிலத்தில் இடிமழை திடீரென்று கொட்டும். மழையின் முதல் சில நிமிடங்களில் டிராக்கில் படிந்த ஆயிலும் ரப்பரும் மேலே மிதந்து ரொம்ப வழுக்கும்.

கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். காற்றுப் பட்டு டிஸ்க் ஆறட்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தால், பேடின் பொருள் அங்கே ஒட்டிக்கொண்டு அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் கார் அதிரும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் டயரில் மறுபடியும் காற்றடியுங்கள். மத்தியானம் சூட்டில் இறக்கிவிட்ட அழுத்தம், டயர் ஆறியபின் சாலைக்குப் போதாது. டர்பன் வந்து சேர்ந்தபின் மறுநாள் காலையில் இன்னொரு முறை பாருங்கள். மேட்டிலிருந்து கடலோரத்துக்கு இறங்கியதில் கேஜ் இன்னும் 0.15 பார் குறைத்துக் காட்டும்.